ஆன்ரி தேகிரான்ஜ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூலை வந்து டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் தொடங்கிவிட்டால் போதும், என்னுடன் சைக்கிள் ஓட்டும் நண்பர்கள் அதே கேள்விகளைக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். முன்னணியில் இருப்பவர் போடும் ஜெர்சி ஏன் மஞ்சள், இதை ஆரம்பித்தவர் யார், அவர் ஹிட்லர் ஆளாமே... சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. வரிசையாகப் படித்தால் நல்லது; பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் உள்ளவை தேவைப்படும்.

யாருங்க இவர்? ரெண்டு வரியில சொல்லுங்க, போதும்.

1865 ஜனவரி 31 அன்று பாரிசில் பிறந்தவர். முதலில் சைக்கிள் பந்தய வீரர், அப்புறம் பந்தய மைதானத்தின் மேலாளர், அப்புறம் விளையாட்டு நாளிதழ் ஆசிரியர். அந்த நாளிதழுக்காக 1903இல் டூர் டி பிரான்ஸைத் தொடங்கி, 1936 வரை அதைத் தன் பிடியிலேயே வைத்திருந்தார். 1940 ஆகஸ்ட் 16 அன்று தென் பிரான்சின் கடற்கரையில் உள்ள போவல்லோனில் இறந்தார். ரெண்டு வரி கேட்டீர்கள், நாலு வரி ஆகிவிட்டது.

பேரை எப்படிச் சொல்றது? டெஸ்கிராஞ்சா, டெக்ரேஞ்சா?

எழுத்தில் நடுவே 'ஸ்' உண்டு, பிரெஞ்சுக்காரர்கள் அதை உச்சரிப்பதில்லை. 'தேகிரான்ஜ்' என்றால் கிட்டத்தட்ட சரி. அவருடைய பத்திரிகையின் பெயர் 'லோட்டோ'. நம் காதுக்கு லாட்டரிச் சீட்டு போல ஒலித்தாலும் அதற்கு மோட்டார் வண்டி என்றுதான் பொருள்.

கால் தெரிய சைக்கிள் ஓட்டினதால வேலை போச்சுன்னு சொல்றாங்களே, நெஜமா?

அவரைப் பற்றி அதிகம் சொல்லப்படும் கதை அதுதான். பாரிசில் ஒரு சட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். ஓய்வு நேரத்தில் கெண்டைக்கால் தெரிய சைக்கிள் ஓட்டுவதை ஒரு கட்சிக்காரர் பார்த்துவிட்டு முதலாளியிடம் முறையிட்டாராம். சைக்கிளா வேலையா என்று கேட்டதும் சைக்கிள்தான் என்று கிளம்பிவிட்டாராம்.

அவர் சட்ட அலுவலகத்தில் இருந்ததும், வேலையை விட்டுப் பந்தயத்துக்குப் போனதும் உண்மை. நடுவில் வரும் அந்தக் கட்சிக்காரர் கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் 1890களின் பாரிசில் ஒரு கௌரவமான ஆபீஸ் ஊழியர் அரைக்கால் சட்டையோடு தெருவில் போவது அப்படியொன்றும் சின்ன விஷயமில்லை.

வீரராக அவர் பெரிய ஆளா, சுமாரா?

வேகப் பந்தயங்களில் சுமார். தாக்குப்பிடிப்பதில் கெட்டிக்காரர். 1893 மே 11 அன்று பாரிசின் புஃபாலோ சைக்கிள் ஓடுதளத்தில் (அமெரிக்காவின் பஃபலோ பில் தன் குதிரைக் காட்சியை நடத்திய இடம், பெயர் அதிலிருந்து வந்தது) ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டினார். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் என்ற கணக்குக்கு முறையாகப் பதிவான முதல் சாதனை அது. மூன்று சக்கரச் சைக்கிளிலும் சாதனைகள் வைத்திருந்தார்.

அடுத்த ஆண்டே ஜூல் துய்புவா 38 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டார். இன்றைய சாதனை இத்தாலியர் ஃபிலிப்போ கன்னா 2022இல் ஓட்டிய 56.792 கிலோமீட்டர். அதை வைத்து 1893ஐ எடைபோடக் கூடாது. அன்றைய சைக்கிளின் எடையை நினைத்துப் பாருங்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு: எதிராளி இல்லை, தந்திரம் இல்லை, ஒரு மனிதன், ஒரு கடிகாரம், ஒரு மணி நேர வலி. பின்னாளில் அவர் போட்ட விதிகள் எல்லாம் பந்தயத்தை இந்த ஒரு மணி நேரத்தைப் போல ஆக்கப் பார்த்தவைதான்.

பந்தயம் ஓட்டினவர் பத்திரிகைக்கு எப்படி வந்தார்?

சைக்கிள், டயர் தயாரித்த அடோல்ஃப் கிளெமானிடம் விளம்பர வேலை பார்த்தார். பயிற்சி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1897இல் பார்க் தே பிரேன்ஸ் என்ற பாரிஸ் ஓடுதளத்தின் பொறுப்புக்கு வந்தார். எழுதத் தெரியும், பந்தயம் நடத்தத் தெரியும், விளம்பரம் போடுகிற தொழிலதிபர்களையும் தெரியும். ஆசிரியர் தேடியவர்களுக்கு இவ்வளவும் ஒரே ஆளிடம் கிடைத்தது. அவர்கள் ஏன் தேடினார்கள் என்பது தனிக் கதை. அடுத்த கேள்வி அதுதான்.

ஒரு ராணுவ வழக்குதான் டூர் டி பிரான்ஸுக்குக் காரணம்னு கேள்விப்பட்டேன். சும்மா விடறாங்களா?

சும்மா இல்லை. 1894இல் ஆல்ஃபிரெட் திரேஃபுஸ் என்ற யூத ராணுவ அதிகாரி ஜெர்மனிக்கு ரகசியம் விற்றதாகத் தண்டிக்கப்பட்டார். அவர் நிரபராதி என்று பிறகு தெரிந்தும் ராணுவம் ஒப்புக்கொள்ளவில்லை. பிரான்ஸ் இரண்டாகப் பிளந்தது. வீட்டுச் சாப்பாட்டு மேசையில்கூட இந்தப் பேச்சை எடுக்க முடியாத காலம்.

அன்று பெரிய விளையாட்டு நாளிதழ் 'லெ வெலோ' ('வெலோ' என்றால் சைக்கிள்). பச்சைத் தாளில் வரும். அதன் ஆசிரியர் பியேர் ஜிஃபார், திரேஃபுஸ் பக்கம். அதில் விளம்பரம் கொடுத்தவர்களில் பெரிய புள்ளி கோமான் தெ தியோன், கார் தயாரிப்பாளர், திரேஃபுஸுக்கு எதிர்ப்பக்கம். 1899 ஜூனில் ஓத்தொய் குதிரைப் பந்தய மைதானத்தில் குடியரசுத் தலைவர் லூபேயின் தொப்பி மீது ஒருவர் கைத்தடியால் அடித்தார். அந்தக் கலாட்டாவில் தெ தியோனும் கைதாகி 15 நாள் சிறைக்குப் போனார். ஜிஃபார் கண்டித்து எழுத, தெ தியோன் கோபித்துக்கொண்டு தனக்கென்று ஒரு பத்திரிகை தொடங்கினார். கிளெமானும் டயர் தொழிலதிபர் மிஷ்லேனும் சேர்ந்துகொண்டார்கள். 'லெ வெலோ'வின் விளம்பரக் கட்டணம் அதிகம் என்ற மனத்தாங்கலும் இருந்தது. கொள்கையும் காசும் ஒரே பக்கம் நின்றுவிட்டன. ஆசிரியர் தேகிரான்ஜ். 1900 அக்டோபர் 16 அன்று மஞ்சள் தாளில் முதல் இதழ் வந்தது. பெயர் 'லோட்டோ வெலோ'.

அப்போ தேகிரான்ஜ் யூத வெறுப்பாளரா?

பணம் போட்டவர்களில் பலர் திரேஃபுஸுக்கு எதிரானவர்கள், அது உறுதி. அவர்கள் காசில் பத்திரிகை நடத்தினார், அதுவும் உறுதி. ஆனால் தன் பத்திரிகையில் அரசியல் பேச்சே இருக்காது என்று முதல் இதழிலேயே எழுதினார். முதலாளிகளின் கருத்தை அப்படியே அவர் தலையில் கட்டுவது சரியில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1903 ஜூலை 1 அன்று, முதல் டூர் கிளம்பும் நாளில், அவர் எழுதிய தலையங்கத்தின் முதல் வரியிலேயே எமில் ஸோலா வருகிறார். ஸோலாவின் நாவலில் உழவன் கையை அகல வீசுவதைப் போல, தங்கள் பத்திரிகை நாடெங்கும் வீரர்களை வீசி விதைக்கப்போகிறது என்பது உவமை. திரேஃபுஸுக்காகப் பேனா எடுத்து நாட்டையே உலுக்கிய அதே ஸோலாதான். தெ தியோன் அதைப் படித்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

டூர் டி பிரான்ஸ் அவர் யோசனைதானே?

இல்லை. பத்திரிகையில் சைக்கிள் பக்கம் பார்த்த இளைஞர் ஜியோ லெஃபேவ்ரின் யோசனை. 'லெ வெலோ' பாரிஸ்-ரூபே, போர்தோ-பாரிஸ் போன்ற பந்தயங்களைக் கையில் வைத்திருந்தது. புதிய பத்திரிகை தள்ளாடியது. விற்பனை சுமார் 25,000 பிரதிகள். அலுவலகக் கூட்டத்தில் லெஃபேவ்ர் நாட்டையே சுற்றிவரும் பந்தயம் என்றார். 1902 நவம்பர் 20 அன்று மோன்மார்த்ர் சாலையில் ஓர் உணவகத்தில் இருவரும் மதியம் சாப்பிட்டபடி மேலும் பேசினார்கள். தேகிரான்ஜ் உடனே தலையாட்டவில்லை. கணக்கர் விக்தோர் கோதே பெட்டியைத் திறந்துவிட்ட பிறகுதான் அவருக்குத் துணிச்சல் வந்தது.

நீதிமன்றம் பத்திரிகைப் பெயரிலிருந்து 'வெலோ'வை எடுக்கச் சொன்னதால்தான் டூர் பிறந்தது என்றும் சிலர் எழுதுகிறார்கள். தேதியைப் பாருங்கள். அந்தச் சாப்பாடு நவம்பரில். பெயர் வெறும் 'லோட்டோ' ஆனது 1903 ஜனவரியில். அதே ஜனவரி 19 அன்று பந்தயம் அறிவிக்கப்பட்டது. பெயரில் சைக்கிள் போய்விட்டதால் பக்கத்திலாவது சைக்கிள் இருக்கட்டும் என்ற அவசரம் சேர்ந்திருக்கும். ஆனால் கரு முந்தியது.

முதல் டூர் எப்படி நடந்தது? இப்ப மாதிரி 21 நாளா?

6 கட்டங்கள், 2,428 கிலோமீட்டர், நடுநடுவே ஓய்வு நாட்கள். கட்டங்கள் ஒவ்வொன்றும் பயங்கர நீளம்: பாரிசிலிருந்து லியோன் வரை 467 கிலோமீட்டர், கடைசியாக நாந்திலிருந்து பாரிஸ் 471. இரவெல்லாம் ஓட்ட வேண்டும். முதல் திட்டம் ஐந்து வாரம், கட்டணம் 20 பிராங்க். வீரர்கள் யாரும் சீந்தவில்லை. கட்டணத்தை 10 ஆக்கி, நாளுக்கு 5 பிராங்க் படியும் சேர்த்து, ஜூலை 1 முதல் 19 வரை என்று சுருக்கிய பிறகு 60 பேர் மோன்ஜெரோனில் ஒரு கஃபே வாசலில் இருந்து கிளம்பினார்கள். 21 பேர் முடித்தார்கள். வென்றவர் மொரிஸ் கரேன், சிறுவயதில் புகைபோக்கி துடைத்தவர். இரண்டாமவருக்கும் அவருக்கும் இடைவெளி கிட்டத்தட்ட 3 மணி நேரம்.

தேகிரான்ஜ் பெரும்பாலும் பாரிசிலேயே இருந்துவிட்டார். ரயிலிலும் சைக்கிளிலும் வீரர்களைத் துரத்திக்கொண்டு, நடுவராகவும் நிருபராகவும் ஓடியவர் லெஃபேவ்ர். விற்பனை 65,000 ஆனதும் பந்தயம் 'நம்முடையது' ஆகிவிட்டது. ஆபீஸ்களில் நடப்பதுதான். 1904இல் 'லெ வெலோ' மூடப்பட்டது. ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: வேலையில்லாமல் நின்ற பழைய எதிரி ஜிஃபாருக்குப் பின்னாளில் எழுத இடம் கொடுத்தவரும் தேகிரான்ஜ்தான்.

இரண்டாவது வருஷமே ஃபிராடு நடந்துச்சாமே?

ஊரே சேர்ந்து நடத்திய ஃபிராடு. வீரர்கள் இருட்டில் வண்டியிலும் ரயிலிலும் ஏறினார்கள். சாலையில் ஆணி கொட்டினார்கள். சேன்-தெத்தியேன் அருகே உள்ளூர்க்காரர் ஃபோருக்காக ஒரு கூட்டம் தடியோடு நின்று கரேனையும் மற்றவர்களையும் தாக்கியது. நான்கு மாதம் கழித்து சைக்கிள் சங்கம் முதல் நான்கு இடத்தாரையும் நீக்கியது. கரேனும் அதில் போனார். ஐந்தாவதாக வந்த ஆன்ரி கோர்னே, 20 வயதுகூட ஆகாதவர், வெற்றியாளர் ஆனார்.

டூர் முடிந்துவிட்டது, அதன் வெற்றியே அதைக் கொன்றுவிட்டது என்று தேகிரான்ஜ் எழுதினார். எழுதிவிட்டு 1905க்கான வேலையைத் தொடங்கினார். கட்டங்களைச் சுருக்கி இரவு ஓட்டத்தைக் குறைத்தார். நேரக் கணக்கை விட்டுவிட்டு, வந்த இடத்துக்கு ஏற்ப புள்ளி கொடுத்தார். 1912 வரை அதே முறை.

ஆளைக் கொல்ற மலைகளை எதுக்குச் சேர்த்தார்?

மலை என்றால் செய்தி, செய்தி என்றால் விற்பனை. ஆனாலும் பிரனே மலைத்தொடருக்கு அவரே பயந்தார். உடன் பணிபுரிந்த அல்ஃபோன்ஸ் ஸ்தேனேஸ்தான் விடாமல் நச்சரித்தவர். தூர்மலே கணவாயைப் பார்க்கக் காரில் போனார் ஸ்தேனேஸ். பனியில் கார் நின்றது. இருட்டில் நடந்து, விழுந்து, நடுநிசிக்குப் பின் மறுபுறத்து ஊரில் கரையேறினார். மறுநாள் தேகிரான்ஜுக்குத் தந்தி: தூர்மலேயைக் கடந்தேன், சாலை மிக நன்று, தாராளமாகப் போகலாம். பத்திரிகை உலகின் மிக அழகான பொய்களில் அதுவும் ஒன்று.

1910 ஜூலை 21, லுஷோனிலிருந்து பயோன் வரை 326 கிலோமீட்டர், வழியில் தூர்மலே, ஒபிஸ்க் எல்லாம். ஒபிஸ்க் உச்சிக்கு வந்த ஒக்தாவ் லாபிஸ் அங்கே நின்ற அமைப்பாளர்களைப் பார்த்து 'கொலைகாரர்கள்' என்றார். தேகிரான்ஜிடம் அதைச் சொன்னதாகப் பலர் எழுதுகிறார்கள். அவர் அங்கே இல்லை. திட்டை வாங்கிக்கொண்டவர் அவருடைய ஆள் விக்தோர் பிரெயே. அந்த ஆண்டின் டூரை வென்றவர் லாபிஸ். அடுத்த ஆண்டு ஆல்ப்ஸில் கலிபியே கணவாய் சேர்ந்தது. அதன் முன்னே மற்ற மலைகள் எல்லாம் சப்பென்று ஆகிவிட்டதாக எழுதினார். அவருக்கு மிகப் பிடித்த மலை அதுவே.

கியர் மாத்தறதைத் தடை பண்ணினாராமே? பைத்தியக்காரத்தனமா இல்லையா?

அந்த ஒரு மணி நேரச் சாதனையை நினைவில் வையுங்கள். 1902இலேயே எழுதிவிட்டார்: கியர் 45 வயது தாண்டியவர்களுக்கு, தசையால் ஜெயிப்பதா, கருவியின் சூழ்ச்சியால் ஜெயிப்பதா? ஆகவே டூர் வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள். மறுபக்கத்தில் பெரிய பல்சக்கரம் இருக்கும். சாதாரணச் சுற்றுலாக்காரர்கள் கியர் போட்டு அதே மலையில் ஏறிக்கொண்டிருந்த காலத்தில் இது. 1937இல்தான் தடை போனது, அதாவது அவர் ஒதுங்கிய பிறகு.

எனக்கு இதில் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. ஆனால் பைத்தியம் என்று சொல்ல மாட்டேன். இயந்திரம் நல்லதாக இருந்தவன் ஜெயித்தான் என்றால், சைக்கிள் கம்பெனிக்குத்தானே வெற்றி என்பது அவர் வாதம்.

கொல்லன் பட்டறை கதை உண்மையா?

உண்மை. 1913இல் முன்னணியில் இருந்த எஜேன் கிறிஸ்தோஃபின் சைக்கிளில் முன் முள்கரண்டி (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) தூர்மலே இறக்கத்தில் உடைந்தது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து சேந்த்-மரி-தெ-காம்பான் கிராமத்தின் பட்டறைக்குப் போனார். யார் உதவியும் வாங்கக் கூடாது என்பது விதி. அவரே அடித்துச் சேர்த்தார். நடுவர் பக்கத்தில் நின்று பார்த்தார். இரண்டு கையும் வேலையில் இருந்ததால் ஒரு பையன் துருத்தி ஊதினான். அது உதவி! 10 நிமிடத் தண்டனை, பிறகு 3 ஆகக் குறைத்தார்கள். ஏற்கனவே மணிக்கணக்கில் நேரம் போய்விட்ட மனிதருக்கு 3 நிமிடம்.

மஞ்சள் ஜெர்சி ஏன் மஞ்சள்?

பத்திரிகைத் தாள் மஞ்சள் என்பதால், என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். எதிரிப் பத்திரிகை பச்சை என்பதை மேலே சொன்னேன். கடையில் போதுமான எண்ணிக்கையில் மஞ்சள் துணி மட்டுமே இருந்தது என்று இன்னொரு பேச்சும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. 1919 ஜூலை 19 அன்று கிரெனோபிளில் முதலில் அதை அணிந்தவர் யார் தெரியுமா? அதே கிறிஸ்தோஃப். சாலையோரத்தில் 'கானரிக் குருவி' என்று கேலி செய்தார்கள். அந்த ஆண்டும் அவர் முள்கரண்டி உடைந்தது, அந்த ஆண்டும் டூர் கைநழுவியது. 1922இல் கலிபியே இறக்கத்தில் மூன்றாவது முறையும் உடைந்தது. இதற்கு நான் என்ன சொல்ல.

சண்டைக்குக்கூடப் போனாராமே, அந்த வயசுல?

1914 ஆகஸ்டில் போரை ஒரு பெரிய விளையாட்டுப் போட்டி போல வர்ணித்து, ஜெர்மானியர்களை ஏசி, பையன்களை உசுப்பேற்றும் தலையங்கம் எழுதினார். இன்று படிக்கக் கூசும். லாபிஸ், 1907, 1908 டூர்களை வென்ற பெத்தி-பிரெத்தோன், 1909இல் வென்ற ஃபபேர் மூவரும் அந்தப் போரில் இறந்தார்கள். ஆனால் வெறும் வாய்வீச்சோடு நிற்கவில்லை: 1917இல், 52 வயதில், சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். முன்னணியில் இருந்தே 'தெகிரெனியே' என்ற புனைபெயரில் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினார்.

வீரர்கள்கிட்ட கொடுங்கோலன் மாதிரி நடந்தாரா?

ஆமாம். ஒரே ஒருவர் மட்டும் முடிக்கும் டூரே சிறந்த டூர் என்று அவர் சொன்னதாக ஒரு வாக்கியம் சுற்றுகிறது. அவர் வாயில் அது பொருந்தாமல் இல்லை.

1924இல் முந்தைய ஆண்டு வென்ற ஆன்ரி பெலிசியே, விடியற்காலைக் குளிருக்கு ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்ட ஜெர்சிகளைப் பற்றி அதிகாரி கணக்குக் கேட்டதால், தம்பி ஃபிரான்சிசோடும் நண்பர் வில்லோடும் கூதான்ஸில் விலகினார். கிளம்பும்போது இருந்த உடையெல்லாம் முடிக்கும்போதும் இருக்க வேண்டும் என்பது விதி. கஃபேயில் அவர்களைப் பிடித்த நிருபர் ஆல்பேர் லோந்திரிடம் பையைக் கொட்டிக் காட்டினார்கள்: கண்ணுக்குக் கொகெய்ன், ஈறுக்குக் குளோரோஃபார்ம், மாத்திரைகள். மறுநாள் அது வேறொரு பெரிய நாளிதழில் வந்து நாடே பேசியது.

இதே பெலிசியேவால் துன்பம் தாங்க முடியாது, டூரை ஒருநாளும் வெல்ல மாட்டார் என்று எழுதியவர் தேகிரான்ஜ். 1923இல் அவர் வென்றதும் வானளாவப் புகழ்ந்தவரும் அவரே. வீரரோடு சண்டை போட்டாலும் பத்திரிகை விற்றது, சமாதானம் ஆனாலும் விற்றது.

கம்பெனி அணிகளை ஒழிச்சு நாட்டு அணிகளைக் கொண்டுவந்தது எதனால?

1929இல் மொரிஸ் தெ வேலே நோயில் துவண்டும் ஜெயித்தார். அல்சியோன் கம்பெனி அணி அவரைக் கடைசி வரை தாங்கிச் சென்றது. பிணத்தை ஜெயிக்கவைத்துவிட்டார்கள் என்று தேகிரான்ஜ் கொதித்தார். 1930 முதல் நாட்டு அணிகள், எல்லோருக்கும் கம்பெனிப் பெயர் இல்லாத மஞ்சள் சைக்கிள். கியர் பதிலில் சொன்ன அதே வாதம்தான். செலவு? வீரர்களுக்கு முன்னால் சாக்லேட் வீசிக்கொண்டு போகும் விளம்பர வண்டிகளின் ஊர்வலம் அந்த ஆண்டில்தான் முறையாகத் தொடங்கியது. சைக்கிள் கம்பெனியை வாசலில் நிறுத்தி, சாக்லேட் கம்பெனியை உள்ளே விட்டார்.

நாஜிகளோட சேர்ந்து யூதர்களை மைதானத்தில் அடைச்சது இவர் பத்திரிகைதானே?

இரண்டு விஷயம் இங்கே குழம்பிக் கிடக்கிறது. 1942 ஜூலையில் பாரிஸ் போலீஸ் 13,000க்கும் அதிகமான யூதர்களைக் கைதுசெய்து, அவர்களில் சுமார் 8,000 பேரை 'வெல் தீவ்' என்ற உள்ளரங்க ஓடுதளத்தில் அடைத்தது. பாரிசில் குளிர்கால ஓடுதளத்தை 1903இல் தொடங்கிவைத்தவர் தேகிரான்ஜ் என்பதால் பெயர் அடிபடுகிறது. ஆனால் அப்போது அவர் இறந்து கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள். டூரும் அவர் கையை விட்டு 1936இலேயே போயிருந்தது: அறுவைச் சிகிச்சை முடிந்த சில வாரத்தில் காரில் பந்தயத்தோடு கிளம்பி, இரண்டாம் நாள் ஷார்ல்வீலில் வலி தாங்காமல் இறங்கி, கணக்கர் கோதேயின் மகன் ழாக் கோதேயிடம் ஒப்படைத்தார்.

ஜெர்மன் ஆக்கிரமிப்பின் கீழும் வெளிவந்ததற்காக 'லோட்டோ' 1944இல் மூடப்பட்டது. அதற்கான கேள்விகளை ழாக் கோதேயிடம் கேட்க வேண்டும். அவர் 1946இல் தொடங்கிய 'லெகிப்' இன்றும் வருகிறது, வெள்ளைத் தாளில்.

இப்ப அவர் ஞாபகமா எதாவது இருக்கா?

கலிபியேயில், சுரங்கப்பாதையின் தெற்கு வாசல் அருகே 1949இல் வைத்த நினைவுக்கல் இருக்கிறது. டூர் அந்த வழியே போகும் ஆண்டுகளில் உச்சியை முதலில் தொடுபவருக்கு அவர் பெயரில் பரிசு உண்டு. அப்புறம், மஞ்சள் ஜெர்சியை அடுத்த முறை டிவியில் பார்க்கும்போது கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வங்கி, விளம்பரப் பெயர்களுக்கு நடுவே இரண்டு சின்ன எழுத்துகள், 'எச்.டி.' (பிரெஞ்சு எழுத்தில் அவர் பெயரின் முதலெழுத்துகள்) என்று, சாய்வாக இருக்கும். தலையங்கத்தின் அடியில் அவர் போட்ட கையெழுத்து அது.